கிரேவி நல்லாத்தான் இருக்கு

வெர்லின் டாலஃப்சன் தன் சொந்த மகளோடு ஃபோனில் பேசுவதென்றால் கார் ஷெட்டுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்த பிறகு ஃபோன் அடிக்கும். உடனே கதவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜனவரிக் குளிரிலும் இதே கதைதான். காருக்கும் பனி தள்ளும் மெஷினுக்கும் நடுவில், வாயிலிருந்து புகை புகையாக வர, நின்றுகொண்டே பேசுவார். ஷெட் கதவின் கண்ணாடியில் அவர் தலை ஆடுவது சமையலறை ஜன்னலிலிருந்து மார்லிஸுக்குத் தெரியும். திரும்பி வந்ததும், "பிரிட்டா நல்லா இருக்காளாம்" என்பார். "சந்தோஷம்" என்பாள் மார்லிஸ். அதோடு சரி.

மார்லிஸ் அவருடைய இரண்டாவது மனைவி. முதல் மனைவி ஆர்டிஸ் இறந்து இரண்டாம் வருஷம், வெர்லின் தபால் ஆபீசுக்கு ஸ்டாம்ப் வாங்க வர ஆரம்பித்தார். கவுண்டரில் இருந்தது மார்லிஸ். ஆயுசில் ஒருவருக்கும் கடிதம் எழுதாத மனுஷன் வாரம் தவறாமல் ஸ்டாம்ப் வாங்கினால் ஊருக்குப் புரியாதா? அவளுக்கும் புரிந்தது. அறுபதை நெருங்கும் வயதில், தனியாகவே காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தவள், சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு பிரிட்டா வந்தாள். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேக் ஒரு துண்டு தின்றாள். "எல்லாம் நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு தான் குடியிருக்கும் டுலூத் நகரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவள்தான், அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நவம்பரில் குடும்பமே கூடி வான்கோழி சுட்டுச் சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வந்தால் ஒரு வருஷம் ரோடு வழுக்கும், ஒரு வருஷம் சளி பிடிக்கும், ஒரு வருஷம் தோழி வீட்டில் கூப்பிட்டிருப்பார்கள்.

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால்கூட மார்லிஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் சண்டை போட மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தால்கூட, "இன்னைக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கு இல்ல?" என்று கேட்கிற ஜாதி. ஒரு பண்டம் சுமாராக இருந்தால் "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். வாயில் வைக்கவே முடியாவிட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். ஆர்டிஸ் என்ற பேரை இந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. மார்லிஸ் மனசு நோகும் என்று வெர்லின் சொல்வதில்லை, அவர் மனசு நோகும் என்று மார்லிஸ் சொல்வதில்லை. அந்தப் பேரை எப்படித் தொடங்குவது என்றே இப்போது இருவருக்கும் தெரியாது.

இந்த வருஷம் பிரிட்டா வருகிறேன் என்றாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். மூணு மணிக்குக் கிளம்பணும்" என்றாளாம். வெர்லின் ஷெட்டிலிருந்து வந்து இதைச் சொன்னபோது காது வரைக்கும் சிவந்திருந்தார். குளிரா சந்தோஷமா என்று மார்லிஸ் கேட்கவில்லை. அவள் மனதில் ஒரே எண்ணம்தான். இந்த ஒரு சாப்பாடு ஒழுங்காக அமைந்துவிட்டால் போதும், இந்த மனுஷன் இனிமேல் வீட்டுக்குள் உட்கார்ந்து மகளோடு பேசலாம்.

வான்கோழியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அதை ஓவன் பார்த்துக்கொள்ளும். கவலையெல்லாம் கறிமேல் ஊற்றிக்கொள்ளும் கிரேவியைப் பற்றித்தான். வீட்டுக்காரியின் கை தெரிவது கிரேவியில்தான். ஆர்டிஸின் கிரேவியைப் பற்றி சர்ச் ஹாலில் இன்னும் பேசுகிறார்கள், மார்லிஸ் பக்கத்தில் வந்தால் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுகிறார்கள். அவளும் நன்றாகத்தான் வைப்பாள். ஆனால் பிரிட்டா நாக்கில் பட வேண்டுமே!

திங்கட்கிழமையே பறவையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, மூடி போட்ட பெரிய தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜில் உறைபனி விட வைத்தாள். செவ்வாய் சாயங்காலம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தாள். புதன்கிழமை மத்தியானம், தன் வழக்கப்படி ஒரு வாளி உப்புத் தண்ணீர் கரைத்து, அதில் பறவையை முக்கி, கார் ஷெட்டில் வைத்தாள். நவம்பர் மாதத்தில் எங்களுக்கு ஷெட்டே ஒரு ஃப்ரிட்ஜ்தானே. தோல் கொஞ்சம் இறுகினாற்போல் இருந்தது. ஃப்ரிட்ஜ் காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை காலையில் எடுத்து நன்றாகக் கழுவி, துடைத்து, அடியில் வெங்காயமும் கேரட்டும் பரப்பி ஓவனில் தள்ளினாள்.

பிரிட்டா சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வெர்லின் வாசற்படியில் பனி வாரிக்கொண்டிருந்தார், அவருடைய தம்பி டுவேன் ஹாலில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸோ மேல்மாடியில், வெண்ணெய் தெறித்த பிளவுஸை மாற்றிக்கொண்டிருந்தாள். ஊருக்கு முந்திக் குளித்து, தலை வாரி, வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்று அத்தனை திட்டம் போட்டிருந்தவள், ஒரு காதில் தோடும் ஒரு காதில் ஒன்றுமில்லாமலும் இறங்கி ஓடி வந்தாள். பிரிட்டா சமையலறை நடுவில் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் போலவே உயரம். பார்வை மட்டும் அவருடையது இல்லை.

"வா பிரிட்டா. ரோடு எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"காபி குடிக்கிறியா?"

"பரவாயில்ல, வேண்டாம். வாசனை நல்லா இருக்கு."

"கோட்டைக் கொடு, மாட்டிடறேன்."

"இருக்கட்டும். நானே மாட்டிக்கிறேன். ஆணி எங்க இருக்குன்னு தெரியும்."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லைதான். அவள் பிறந்து வளர்ந்த வீடு, தெரியாமல் இருக்குமா? இருந்தாலும் மார்லிஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

வான்கோழி பொன்னிறமாக வெந்து வெளியே வந்தது. அதைப் பலகையில் தூக்கி வைத்து, அலுமினியத் தாளால் மூடினாள். பறவை ஆறும் நேரம்தான் கிரேவிக்கு நேரம். அடித்தட்டைப் பார்த்தாள். வடிந்த சாறு கரும்பழுப்பாக, ஓரங்களில் பிசுக்கென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல அடி கிடைக்காது என்று அவள் மனசு கொஞ்சம் தெம்பானது. பிரிட்டா மேசையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"ஏதாவது பண்ணட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம், நீ உட்காரு."

"நிஜமாவே சும்மாதான் நிக்கறேன்."

"சரி, அந்தக் கண்ணாடி ஜாடியை எடு."

சாற்றை ஜாடியில் சாய்த்து ஊற்றினாள். கொழுப்பு மேலே தெளிந்து வந்தது. அதில் கொஞ்சத்தைக் கரண்டியால் எடுத்து மறுபடி தட்டிலேயே விட்டு, தட்டை இரண்டு அடுப்புக்கும் குறுக்கே வைத்து, மைதாவைத் தூவிக் கிளறினாள். பச்சை வாசனை போகும் வரை பொறுமையாகக் கிளற வேண்டும். அவசரப்பட்டால் கிரேவி கடைசி வரை பசை வாசனை அடிக்கும். மாவு பழுப்பானதும், கழுத்தும் ஈரலும் வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினாள். ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து வந்தது. பிறகு ஜாடியில் அடியில் தங்கியிருந்த சாற்றையும் ஊற்றி, கட்டி தட்டாமல் கம்பிக் கரண்டியால் அடித்தாள். கொதி வந்து, மினுமினுவென்று திரண்டு, கரண்டியின் முதுகில் பிடித்து நின்றது. பார்க்க அத்தனை அழகு. பிரிட்டா கையைப் பிரித்துவிட்டு ஒரு எட்டு கிட்டத்தில் வந்தாள்.

மார்லிஸ் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு! உப்பென்றால் சாதாரண உப்பில்லை, நாக்கைப் பிடித்து இழுக்கிற உப்பு. கழுவினேனே, இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவினேனே! வாளியில் அளவு தப்பியதா? வருஷா வருஷம் போடுகிற அதே அளவுதானே? என்னத்தைச் சொல்வது. இருந்திருந்து ஒரு நாள், அந்த ஒரு நாளிலேயா கை தவற வேண்டும்?

அதற்குள் பிரிட்டா ஒரு ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கண் ஒரு தடவை இறுக மூடித் திறந்தது. விழுங்கினாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

மார்லிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தில் கேக்கைத் தின்றுவிட்டுச் சொன்ன அதே குரல். ரோடு நல்லா இருந்தது, வாசனை நல்லா இருக்கு, கிரேவி நல்லா இருக்கு. இந்தப் பெண் மேசையில் உட்கார்ந்து இந்த உப்பு மலையை மறுபேச்சில்லாமல் தின்னும். மூன்று மணிக்கு எல்லாம் நல்லா இருந்தது என்று சொல்லும். போகும். அப்புறம் இன்னும் பத்து வருஷத்துக்கு ரோடு வழுக்கிக்கொண்டே இருக்கும். வெர்லின் ஷெட்டிலேயே நின்று சாக வேண்டியதுதான். மார்லிஸுக்கு அவள் பிறவியிலேயே வராத ஒரு கோபம் வந்தது.

"பொய் சொல்லாத பிரிட்டா."

"என்ன?"

"கடல் தண்ணி மாதிரி இருக்கு. மனுஷங்க வாயில வைக்க முடியாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதுக்கு நல்லா இருக்குன்னு சொல்ற?"

பிரிட்டாவின் கழுத்து சிவந்து, காது சிவந்து, அப்படியே வெர்லின் மாதிரி ஆகிப்போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மார்லிஸ் நினைத்தாள்.

"நான்தான்" என்றாள் பிரிட்டா.

"என்ன நீதான்?"

"நான் வந்தப்ப நீங்க மாடியில இருந்தீங்க. ஓவனைத் திறந்து பார்த்தேன். வெளுப்பா இருந்தது. வெண்ணெய் தடவி, ஒரு கைப்பிடி உப்பு மேல போட்டேன். அம்மா அப்படித்தான் பாதியில ஒரு தடவை போடுவாங்க. கேட்டுட்டுப் போட்டிருக்கணும். கேட்டா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு…"

மார்லிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒத்துவரவில்லை.

"நானும் உப்புத் தண்ணியில ஊறப் போட்டேன்தான். ஆனா அதுவும் இதுவும் சேர்ந்தாலும் இவ்வளவு வராதே. இது என்னவோ உப்பளத்துல மேஞ்ச பறவை மாதிரி இல்ல இருக்கு!"

அப்போதுதான் வாசலில் செருமல் சத்தம் கேட்டது. வெர்லின் பனி பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

"செவ்வாய்க்கிழமை…" என்றார்.

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை நீ பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தப்ப, நான் எடுத்து உப்பு தடவி வச்சேன். தோலுக்கு அடியில எல்லாம். ஆர்டிஸ்…" அந்தப் பேர் ஒரு தடவை இடறி வெளியே வந்தது. "ஆர்டிஸ் செவ்வாய்க்கிழமையே தடவி வச்சிடுவா. பிரிட்டாவுக்கு அப்படிப் பழக்கம். அதான்."

"என்கிட்ட சொல்லலாமே?"

"உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு…"

"சரி. புதன்கிழமை சாயங்காலம் காரை உள்ள விட்டீங்களே, வாளியைப் பார்க்கலையா?"

வெர்லின் பூட்ஸைப் பார்த்தார்.

"பார்த்தேன்."

"பார்த்தீங்களா! பறவை உப்புத் தண்ணியில கிடக்கறதைப் பார்த்துட்டு, நாம ஏற்கனவே உப்புப் போட்டிருக்கோமேன்னு தெரிஞ்சும், மூடி போட்டுட்டு உள்ள வந்து என்னோட உட்கார்ந்து சூப் குடிச்சீங்களா?"

"சொன்னா, ஏன் போட்டேன்னு சொல்லணும். சொன்னா, அவ பேரைச் சொல்லணும்."

"சொல்லுங்களேன்!" மார்லிஸ் கத்திவிட்டாள். அவள் கத்தி இந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை. "ஆர்டிஸ்! ஆர்டிஸ்னு சொன்னா நான் உருகிப் போயிடுவேனா? தபால் ஆபீசுல எனக்கும்தானே அவளைத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு எனக்கு குக்கி கொண்டுவந்து கொடுத்தவ. அவ வீட்டுல இருந்துகிட்டு, அவ சட்டியில சமைச்சுகிட்டு, அவ பேரை மட்டும் நான் சொல்லக்கூடாது, நீங்க சொல்லக்கூடாது, பெத்த பொண்ணு சொல்லக்கூடாது. நீங்க என்னடான்னா குளிர்ல நின்னு பொண்ணோட பேசறீங்க. எனக்கு எவ்வளவு வலிக்குது தெரியுமா, அந்த ஜன்னல் வழியா பார்க்கறப்ப?"

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். கையில் கரண்டி, கரண்டியிலிருந்து கிரேவி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

பிரிட்டா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்ல நின்னா? ஷெட்டுல இருந்தா பேசறீங்க? எப்பவுமேவா?"

"காத்து வாங்கிட்டு…"

"பின்னால ஏதோ டங்கு டங்குன்னு சத்தம் கேட்கும், டிவின்னு நினைச்சுகிட்டு இருந்தேன். குளிருக்குக் காலை உதைச்சுகிட்டு இருந்தீங்களா? கடவுளே, அப்பா!"

அவள் துணியை எடுத்துத் தரையில் சொட்டியிருந்ததைக் குனிந்து துடைத்தாள். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"உருளைக்கிழங்குல உப்புப் போட்டாச்சா?" என்றாள்.

"இல்ல. மசிக்கறப்பதான் போடுவேன்."

"அப்பா, நீங்க போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப இனிமே யாரும் போடக்கூடாது. உப்பில்லாத கிழங்கு மேல ஊத்திக்கலாம். கழுத்துத் தண்ணி இன்னும் இருக்கா? அதுல உப்பு?"

"அதுல நான் போடறதே இல்ல" என்றாள் மார்லிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஊத்துங்க, எல்லாத்தையும் ஊத்துங்க."

ஊற்றினார்கள். கிரேவி நீர்த்துப் போனது. மறுபடி கொஞ்சம் மாவு கரைத்து விட்டார்கள். பிரிட்டா அடித்துக்கொண்டே இருக்க, மார்லிஸ் கிழங்கை மசித்தாள், வெர்லின் பாலைச் சூடு பண்ணிக் கொடுத்தார். ருசி பார்த்தார்கள். முன்னைக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து டுவேன் தலையை உள்ளே நீட்டினார்.

"பசி உயிர் போகுது. இங்க என்ன, சத்தமெல்லாம் கேட்குது?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

"நீ அந்தப் பறவையில ஏதாவது போட்டியா?" என்று கேட்டார் வெர்லின்.

"நானா? என்னை இந்த சமையலறைக்குள்ள யாரு விட்டீங்க? போன வருஷம் கத்தியைத் தொட்டதுக்கே விரட்டினீங்க."

மேசையில் உட்கார்ந்து கையைக் கோத்தார்கள். வெர்லின் ஜெபம் சொன்னார். எப்போதும் சொல்கிற அதே நான்கு வரிதான். முடிக்கிற இடத்தில் நின்றார். "ஆர்டிஸுக்காகவும் நன்றி" என்று சேர்த்துக்கொண்டு ஆமென் சொன்னார். மார்லிஸ் கையைப் பிடித்திருந்த பிரிட்டாவின் விரல்கள் இறுகின. கோத்த கையைப் பிரிக்க இருவருக்குமே கொஞ்சம் நேரமானது.

கறி உப்பு. கிரேவி உப்பு. கிழங்கு சப்பென்று இருந்ததால் அத்தனையும் ஓரளவுக்கு உள்ளே போனது. தண்ணீர் ஜாடியை மாற்றி மாற்றி நிரப்பினார்கள். வெர்லின் பேச்சு சுவாரசியத்தில், எதையும் வாயில் வைப்பதற்கு முன்னாலேயே தூவுகிற தன் பழக்கப்படி, உப்பு டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயோ அப்பா!" "வெர்லின்!" என்று இரண்டு பக்கமிருந்தும் கூச்சல் வந்தது. டுவேன் டப்பாவையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரிட்டா சிரித்தாள். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரித்ததால் மேசை விரிப்பெல்லாம் நனைந்தது. ஆர்டிஸ் ஒரு வருஷம் பறவையை, கடைக்காரர்கள் அதன் வயிற்றுக்குள் வைத்துக் கொடுக்கும் ஈரல் பொட்டலத்தோடு அப்படியே சுட்டுவிட்ட கதையை அவள்தான் ஆரம்பித்தாள். வெர்லின் பாதியில் வாங்கிக்கொண்டார். மார்லிஸுக்கு இது புதுக்கதை. சர்ச் ஹாலில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

"பிரிட்டா, மணி மூணு அடிச்சுடுச்சே" என்றார் டுவேன்.

"தெரியும் சித்தப்பா. இனிப்புக்குப் பூசணிக்காய் பை இருக்கு, அதை இன்னும் வெட்டவே இல்லையே."

அவள் கிளம்பும்போது வெளியே இருட்டிவிட்டது. கறி, பூசணிக்காய் பை எல்லாம் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள் மார்லிஸ். மிச்ச கிரேவியைக் கொட்டப் போனவளை பிரிட்டா தடுத்தாள்.

"அதையும் கொடுங்க."

"இதையா? எதுக்கும்மா?"

"கொடுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டார்கள். வெர்லின் தட்டைக் கழுவி வைத்தார். ஃபோன் அடித்தது. அவர் கை பழக்கத்தில் கோட்டுப் பக்கம் போனது. அப்படியே நின்றார். பிறகு சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃபோனைக் காதில் வைத்தார். மார்லிஸ் தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"ம்… ம்… இருக்கா. இதோ." வெர்லின் ஃபோனை நீட்டினார். "உன்கிட்ட பேசணுமாம்."

மார்லிஸ் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"மார்லிஸ், அந்த கிரேவியை இன்னைக்குச் சூடு பண்ணினேன்."

"எப்படி இருந்தது?"

"கேவலமா இருந்தது" என்றாள் பிரிட்டா. "அன்னைக்கு இருந்ததைவிட இன்னைக்கு இன்னும் உப்பு. வாயிலயே வைக்க முடியல."

மார்லிஸ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"கொட்டிடு" என்றாள்.

"கொட்டிட்டேன். அடுத்த வருஷம் நான் செவ்வாய்க்கிழமையே வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் அங்க யாரும் உப்பைத் தொடாதீங்க."